டீச்சர் வாசிக்காமல் விட்ட வாக்கியங்கள்

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் நூலகம் ஒன்று, மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். செல்போனே புத்தகத்தைப் படித்துக் காட்டுகிற காலம் வந்துவிட்டதாம். மனிதக் குரலின் அருமையைப் பற்றி உருக்கமாக நான் நாலு பக்கம் எழுத வேண்டுமாம். "நீங்க எழுதுனாத்தாண்ணே நல்லாருக்கும்" என்று ஐஸ் வேறு வைத்தார்கள்.

உருக்கம் எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மெஷின் குரலைப் பிடித்திருக்கிறது. அதற்கு மூச்சு விடத் தெரியாது. 'அம்மா செத்துப்போனாள்' என்பதையும் 'ரேஷன் கடை மூடியிருந்தது' என்பதையும் ஒரே தொனியில் சொல்லும். ஆனால் ஒரு சொல்லைக்கூட விடாது. இதைக் கேட்டால் கேட்பவர் மனசு என்ன பாடுபடுமோ என்ற கவலை அதற்குக் கிடையாது. அந்தக் கவலையால் ஒருவனுடைய ஆராய்ச்சியே கவிழப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டது வேறு, நான் எழுதப் போவது இது. பிடிக்காவிட்டால் போடாமல் விடட்டும்.

நான் படித்துப் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. திருமங்கலத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட் கட்டிக்கொண்டிருந்தேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தால் இரையாது என்பது அங்கே கற்றது. நூலகத்தில் யாருடைய சிபாரிசிலோ சேர்ந்தேன், கேசட்டில் ஆரம்பித்து கம்ப்யூட்டருக்கு மாறினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பதிவு அறை என்பது சன்னலை அடைத்து, சுவரில் மெத்தை வைத்துத் தைத்த ஒரு சின்ன அறை. ஃபேன் போடக் கூடாது, சத்தம் வரும். வாசிப்பவர் வேர்த்து விறுவிறுத்துத்தான் வாசிக்க வேண்டும். கண்ணாடி வளையல் ஆகாது. பட்டுச்சேலை ஆகாது, சரசரக்கும். தாளைத் திருப்பும்போது வாயை மூடிக்கொண்டு, ஓரத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, உள்ளது உள்ளபடி. அச்சுப்பிழை இருந்தால் பிழையாகவே வாசிக்க வேண்டும். கெட்ட வார்த்தை இருந்தால் கெட்ட வார்த்தையைத்தான் வாசிக்க வேண்டும். ஒரு பெரியவர் 'ஆபாசம்' என்று சொல்லி நாவலில் ஒரு பத்தியைத் தாண்டப் போனார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான், பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கை அணைத்து எழுந்துவிட்டேன். அப்புறம் வாசித்தார்.

பதிவு முடிந்ததும் வேறொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டுச் சரிபார்ப்பார். சரிபார்க்காத பதிவு வெளியே போகாது. இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதைக் கொடுத்தவர் எங்கள் மேடம்.

மேடம் என்றால் நூலகத்தின் பொறுப்பாளர் வள்ளியம்மை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நமக்குப் பிடிக்காத எதையாவது சொல்லப் போகிறார் என்றால் முதலில் "காபி சாப்பிட்டீங்களா முத்தையா?" என்பார். அப்புறம் அங்கே கிடக்கிற நாற்காலிகளை ஒவ்வொன்றாக நேராக்குவார். கடைசி நாற்காலிக்கு வரும்போது விஷயத்தைச் சொல்லிவிட்டு, நம் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார். ஒண்டிக்கட்டை, அந்த நூலகத்தைத் தன் வீடாகவே நினைத்தவர். நன்கொடைக்காக ஏறி இறங்காத படி இல்லை. அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

அவர் விலக்குக் கொடுத்தது சரோஜா டீச்சருக்கு. நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வாரம் தவறாமல் பஸ் பிடித்து வந்து இலவசமாக வாசித்துக் கொடுப்பார். அப்படி ஒரு குரல். டீச்சர் வாசித்த நாவல் என்றால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். ஒருமுறை அவர் வாசித்ததைச் சரிபார்க்க ஆள் போடச் சொன்னேன். மேடம் நாற்காலிகளை நேராக்கினார். "இலக்கணம் சொல்லிக் குடுத்தவங்க வாசிச்சதுல நாம என்னத்த முத்தையா சரிபாக்கப் போறோம்? மத்ததுக்கு ஆளில்லாமக் கெடக்கு" என்றார். அத்தோடு சரி.

இனி சோலைராசு. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையனாக எங்களிடம் உறுப்பினராகி, தமிழ் எம்.ஏ. முடித்து, கல்லூரியில் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் தற்காலிக விரிவுரையாளராக இருந்தான். வாய்த் துடுக்கு அதிகம். "நேத்து மேட்ச் பாத்தீங்களாண்ணே, சொதப்பிட்டாய்ங்கெ" என்று ஆரம்பிப்பான். புதிதாக வந்தவர்கள் அவனிடம் 'பார்த்தீங்களா' என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். "நாக்கப் பத்திரமா வச்சுக்கங்க சார், நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பான்.

முனைவர் பட்டத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட தலைப்பும் அதுதான். தமிழ் நாவல்களில் 'பார்' என்கிற ஒற்றை வினைச்சொல். யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் பார்க்கிறார்கள், பார்த்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கண் தெரியாதவன் எடுக்கிற தலைப்பா இது என்று அவன் காதுபடவே பேசினார்கள். நானே ஒருநாள் கேட்டேன்.

"நாவல்ல பார்த்தான்னு வந்தா கண்ணு பாக்குதுன்னா நெனைக்கிறீங்க? பாதி எடத்துல கண்ணுக்கு அங்க சோலியே இல்லண்ணே. வாயால சொல்ல முடியாத ஒண்ணு வந்து நிக்கும். எழுதுறவரு 'பார்த்தாள்'னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிருவாரு. நான் அடுத்த வரியக் கேப்பேன். 'பார்த்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.' ஒரு மாதிரி. 'பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.' வேற மாதிரி. அவ எப்படிப் பாத்தான்னு எனக்குத் தெரிஞ்சிருமில்ல?"

இன்னொன்றும் சொன்னான். முதலாளி பார்த்தால் அடுத்த வரியில் எதிரே நிற்பவன் பேச ஆரம்பித்துவிடுவானாம். கூலிக்காரன் பார்த்தால் அடுத்த வரியில் ஒன்றுமே நடக்காதாம். கதை அவனைத் தாண்டிப் போய்விடுமாம். நானும் ஆயிரம் கதை கேட்டவன், எனக்கு இது தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து ஹெட்ஃபோன் மாட்டினால் அடுத்த வரியைக் கவனிக்கிற வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவன் ஆய்வேட்டில் ஐந்தாம் இயல்தான் மகுடம். தென் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரின் நாவல்களை மட்டும் வைத்து எழுதியது. பெயர் இங்கே வேண்டாம். எங்களிடம் அவர் நாவல்கள் எல்லாம் சரோஜா டீச்சர் குரலில்தான் இருந்தன, சோலைராசு எடுத்துக்கொண்ட மற்ற எழுத்தாளர்களை வேறு ஆட்கள் வாசித்திருந்தார்கள். மனசு உடைகிற இடங்களில், பிரிவில், சாவில், சமாதானத்தில், அந்த எழுத்தாளர் யாரையும் இன்னொருவரைப் பார்க்க விடுவதில்லை என்பது சோலைராசுவின் கண்டுபிடிப்பு. மற்றவர்கள் தாராளமாக அள்ளி விடும் சொல்லை இவர் அங்கே மட்டும் பூட்டி வைக்கிறார், அந்த இடத்தில் ஒரு மௌனம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தான். அவனுடைய நெறியாளர் இந்த இயலை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆய்வேடு போய்ச் சேர்ந்து, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வைவா என்றால்தான் எல்லாருக்கும் புரியும். அதே வாரக் கடைசியில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். பட்டம் கையில் இருந்தால் வேலை அவனுக்கு என்று ஏறக்குறைய பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் பொங்கல் வைக்கத் தயாராகிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் போன் பண்ணினான். "அண்ணே, அஞ்சாம் இயல்ல வார, அண்ணன் தம்பி கெணத்துக்குச் சண்ட போடுற நாவல் இருக்கில்ல, என் மெமரி கார்டுல பாதியில நின்னுபோகுது. வைவாவுக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுட்டுப் போறேன். புதுசா ஏத்தி வைங்க, நாளைக்கு வாரேன்."

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பதிவிலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு துண்டு கெட்டுப்போயிருந்தது. அதை மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி ஒட்டலாம் என்று புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று பார்க்க, புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே டீச்சரின் குரலைக் கேட்டேன். அறுவடைக்குப் பின் வருகிற காட்சி அது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை வண்டியில் கொண்டுவந்து வாசலில் கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வருகிறான்.

டீச்சர் வாசித்தது: "தம்பி வாசலில் வந்து நின்றான். மழை தூறத் தொடங்கியது."

புத்தகத்தில் இருந்தது: "தம்பி வாசலில் வந்து நின்றான். அண்ணன் தம்பியைப் பார்த்தான். மழை தூறத் தொடங்கியது."

திரும்ப ஓட்டினேன். வெட்டு ஒட்டு எதுவும் இல்லை. திரையில் குரலின் கோடு அந்த இடத்தில் படுத்திருந்தது. ஒரு மூச்சு, ஒரு சின்ன நிசப்தம், அப்புறம் மழை. யாருக்கும் ஒரு வரி கண்ணில் படாமல் போகும், அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் ஐந்தாம் இயல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதில் இந்த வாசல் காட்சியைத்தான் அவன் பெரிதாக எழுதியிருந்தான். சாகும்போதும் அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை, இந்த எழுத்தாளர் சமாதானத்தை நம்பாதவர் என்று.

முந்தைய அத்தியாயங்களுக்குப் போனேன். மகளை பஸ் ஏற்றிவிடும் அம்மா, புத்தகத்தில் பார்த்தாள். பதிவில் இல்லை, மூச்சும் நிசப்தமும்தான். அதே எழுத்தாளரின் வேறு நாவலை எடுத்தேன். அதிலும் அப்படி. 'கடிகாரத்தைப் பார்த்தான்', 'வயலைப் பார்த்தாள்' எல்லாம் ஒழுங்காக வாசித்திருந்தார். ஒருவர் இன்னொருவரை ஒன்றும் பேசாமல் பார்க்கிற இடங்களை மட்டும் காணோம். நெறியாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? மேற்கோள் காட்டியதைப் பக்கம் புரட்டிச் சரிபார்க்கலாம். சோலைராசு காட்டிய மேற்கோள் எல்லாமே சரி. இல்லை என்று அவன் சொன்னதை யார் போய்த் தேடுவார்கள்? ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மேடம் கேட்டார். "காபி சாப்பிட்டீங்களா?"

"வேணாம் மேடம். நாளைக்கு அவன் வாரான். சொல்லணும்."

அவர் எழுந்து முதல் நாற்காலியைத் தொட்டார். "வைவா முடியட்டும் முத்தையா. இத்தன பேரு படிச்சதுல யாருக்கும் தெரியல. அவனுக்குப் பட்டம் வரட்டும், வேல கெடைக்கட்டும். அப்புறம் நாம பதிவத் திருத்திக்கலாம்."

"தேர்வாளர் கேட்டுட்டா?"

"கேக்க மாட்டாங்க. கண்ணு தெரியாத பையன்கிட்ட அம்புட்டுக் கறாரா யாரு கேப்பா?"

அந்த வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது. "அதுதான் மேடம் பிரச்சினையே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மேடம் நாற்காலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "நம்ம பதிவக் கேட்டுத்தான் எத்தனையோ பிள்ளைங்க பரீட்ச எழுதிப் பாஸ் பண்ணி வேலையில இருக்காங்க. நாளைக்கு ஒருத்தன், இவங்க புத்தகத்துல பாதிதான் இருக்கும்னு சொன்னா, அவங்க எல்லாரும் சந்தேகப்படுவாங்க. யாரும் இந்தப் படி ஏற மாட்டாங்க. இத நீங்க சொன்னா, அப்புறம் வாரதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார். நாற்காலிகள் அன்று கோணலாகவே கிடந்தன.

அவர் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனேன். பக்கத்தைப் பிரித்துக் காட்டியதும், கண்ணாடியைக்கூட மாட்டாமல் சொன்னார், "ஆமா, நான்தான் விட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"நான் புதுசா வந்தப்ப ஒரு சின்னப் பிள்ளைக்கு நேர்ல வாசிச்சுக் காட்டினேன். 'அம்மா அவளைப் பார்த்தாள்'னு வந்துச்சு. அந்தப் பிள்ள கேட்டா, 'பார்த்தாள்னா என்ன பண்ணுவா டீச்சர்? தொடுவாளா?'ன்னு. எனக்குப் பதில் சொல்ல வரலப்பா. காலம் பூரா தமிழ் சொல்லிக் குடுத்தவ, வாயடைச்சுப் போய் உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தப் பிள்ளைக்குக் கெடைக்கவே போகாத ஒண்ண நாம எதுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்? பேச்சு இல்ல, சத்தம் இல்ல, வெறும் பார்வ. அத விட்டா கதையில என்ன கொறஞ்சு போகும்னு நெனைச்சேன்." சற்று நிறுத்திவிட்டு, "விட்டது வெளிய தெரியக் கூடாதுன்னு அந்த எடத்துல ஒரு மூச்சு நிறுத்திட்டு அடுத்த வரிக்குப் போவேன்" என்றார்.

சோலைராசுவின் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று டீச்சருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரைத் திட்ட என்று கிளம்பிப் போனவன், தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சோலைராசு வந்தான். மேடம் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவனைப் பதிவு அறைக்குள் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அவன் கைத்தடியை மடக்கினான், பிரித்தான், மறுபடி மடக்கினான்.

"ஏன் விட்டாங்களாம்?"

டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்களாக்கும்?" என்று கத்தினான். மெத்தை வைத்த அறை, சத்தம் வெளியே போகாது. அதனாலோ என்னவோ நன்றாகக் கத்தினான். "பஸ்ஸுல எடம் விடுறாய்ங்கெ, சரி. கைய புடிச்சு ரோட்டத் தாண்டி விடுறாய்ங்கெ, அதுவும் சரி. புத்தகத்துக்குள்ள நான் ஒருத்தனும் தயவு பண்ணாம இருந்தேண்ணே. அங்கயும் வந்துட்டாங்களா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "எத்தன எடம்?"

"முழுசா பாக்கல. நெறைய இருக்கு."

"புத்தகத்த எடுங்க. நீங்களே வாசிங்க. விட்டுப்போனது மட்டும்."

என் குரல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கேட்கிற குரல். அந்தக் குரலில் அன்று பகல் முழுக்க வாசித்தேன். அம்மா மகளைப் பார்த்தாள். கிழவர் மருமகளைப் பார்த்தார். அண்ணன் தம்பியைப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் முன் வரியும் பின் வரியும் கேட்டான். சில இடங்களில் நான் வாசிப்பதற்கு முன்பே கையைத் தூக்கி, "இங்கதான?" என்றான். சரியாக அங்கேதான் இருந்தது. கிளம்பும்போது, "நாளைக்கு வைவாவுக்கு நீங்க வாங்கண்ணே, தனியா போகப் பயமா இருக்கு" என்றான். அவன் பயம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"என்ன செய்யப் போற?" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கே பட்டம், வாரக் கடைசியில் வேலை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "தெரியலண்ணே" என்றான்.

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அரங்கு நிறைந்திருந்தது. வாடிப்பட்டியிலிருந்து வேனில் அவன் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் சமோசாவும் கேசரியும் தயாராக இருந்தன. புறத்தேர்வாளராக வந்திருந்தவர் ஒரு பேராசிரியை. ஒல்லியான அம்மா, சிரிக்கவே இல்லை. அவர் மேஜையில் அந்தக் கிணற்று நாவல் இருந்தது. உள்ளே, கடைசி அத்தியாயம் வருகிற இடத்தில், ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்கத்தான் போகிறார். சோலைராசுவுக்கு அந்தச் சீட்டு தெரியாது. எழுந்து போய்ச் சொல்லவும் முடியாது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெறியாளர் அவனை அறிமுகப்படுத்திவிட்டு, ஐந்தாம் இயலைப் பற்றி வழக்கம்போல் வானளாவப் புகழ்ந்தார். சோலைராசு எழுந்து மைக்கைத் தடவிப் பிடித்தான்.

"என் ஆய்வைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் இயலின் முடிவு தவறு" என்றான்.

நெறியாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததை அரங்கே பார்த்தது. அவன் நிறுத்தவில்லை. இல்லை என்று தான் எழுதிய பார்வைகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, தான் கேட்ட பதிவில்தான் இல்லை, சரிபார்க்காமல் முடிவு கட்டியது தன் பிழை என்றான். டீச்சர் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் நூலகத்தின் பெயரையும் சொல்லவில்லை.

பேராசிரியை அந்தச் சீட்டை உருவிக் கசக்கிப் போட்டார். "நானாகக் கேட்ட பிறகு சொல்லியிருக்கலாமே. ஒருவேளை நான் கேட்காமலே விட்டிருந்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லையே?"

சோலைராசுவின் மேடைத் தமிழ் அந்த இடத்தில் கழன்றுவிட்டது. "நீங்க கேக்காம விட்டிருந்தா, நீங்களும் எனக்கு எரக்கப்பட்டுத்தான் விட்டீங்களோன்னு காலம் பூரா நெனைச்சுக்கிட்டே இருப்பேம்மா."

அரங்கில் யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி. அப்படியானால் ஐந்தாம் இயலில் மிச்சம் என்ன இருக்கிறது?"

"எடம் இருக்கு" என்றான். "மௌனம் என்று நான் சுட்டிய இடங்களை நேற்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வாசித்தவர் அங்கெல்லாம் ஒரு மூச்சு நிறுத்தியிருக்கிறார். அதை எழுத்தாளரின் மௌனம் என்று நினைத்தேன். அந்த மௌனத்தில் எல்லாம் ஒரு பார்வை இருந்திருக்கிறது. அங்கே ஏதோ இருக்கிறது என்று என் காதுக்குத் தெரிந்தது. என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. இந்த இயலை மறுபடி எழுத எனக்கு அவகாசம் வேண்டும்."

கொடுத்தார்கள். ஐந்தாம் இயலைத் திருத்தி எழுதிச் சமர்ப்பித்து, மறுபடி வைவாவுக்கு வர வேண்டும் என்று தீர்ப்பு. அன்று பட்டம் இல்லை. நெறியாளர் பல மாதம் அவனோடு பேசவில்லை. வாரக் கடைசி நேர்காணலில் அந்த வேலை வேறொருவருக்குப் போனது. வந்த சொந்தக்காரர்கள் என்ன நடந்தது என்று புரியாமல் கேசரியைத் தின்றுவிட்டு வேனில் ஏறினார்கள். அவன் அம்மா மட்டும் என்னிடம் வந்து, "எம்மகன் பெயிலாய்ட்டானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பட்டம் பிறகு வந்தது, வேலையும் எங்கோ தள்ளிப்போய்க் கிடைத்தது. ஆனால் அன்று அவன் தூக்கிப் போட்டது கொஞ்சம் அல்ல.

மறுநாள் வேலைக்குப் போனபோது, என்னைப் போகச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் போனேன். மேடம் பதிவு அறையில் இருந்தார். காபி சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டீச்சர் வாசித்த நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தானே சரிபார்க்க உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்த வேலையை முடிக்கும் வரை வேறு எதையும் தொடவில்லை.

விட்டுப்போன வாக்கியங்களை எல்லாம் டீச்சரே வந்து வாசித்துக் கொடுத்தார். முதல் நாள் சோலைராசுவும் வந்திருந்தான். நான் கூப்பிடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் அருகில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். உள்ளே டீச்சர் அவனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கிணற்று நாவலின் கடைசி அத்தியாயத்தை முதலில் வைத்தேன். சிவப்பு விளக்கைப் போட்டேன்.

"தம்பி வாசலில் வந்து நின்றான்" என்று வாசித்தார். வழக்கமான மூச்சு வந்தது. நான் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சோலைராசு அசையாமல் இருந்தான்.

"அண்ணன் தம்பியைப் பார்த்தான். மழை தூறத் தொடங்கியது."

சோலைராசு என் கையைத் தட்டி, உள்ளே பேசுகிற மைக்கைத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

"இம்புட்டுத்தானா டீச்சர்?" என்றான்.

உள்ளே டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "இம்புட்டுத்தாம்ப்பா" என்றார்.

"சரி, அடுத்தத வாசிங்க."